தேடுவோர் கண்ணில் படுவது எப்படி?

(உப்பிலியபுரத்தில் நடைபெற்ற அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் இணையதளத்தைத் தேடுபொறியில் முன்னிலைக்குக் கொண்டுவருவது எவ்வாறு, வந்த இடத்தைப் பல்லாண்டுகள் காத்துக்கொள்வது எவ்வாறு என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். விழா மேடைக்கு இது சற்றே புதிய பொருள்தான். கடைவீதிச் செய்தி என்று சிலர் நினைக்கவும் கூடும். ஆனால் இந்த அறக்கட்டளை ஆண்டுதோறும் வழங்கிவரும் கல்வி உதவித்தொகை யாருக்காக ஏற்பட்டதோ, அவர்களுக்கு அது போய்ச் சேர்கிறதா என்ற கேள்வி இதற்குள் அடங்கியிருக்கிறது.

நேற்று மாலை இவ்வூர்ப் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு என் கைபேசியில் தேடிப் பார்த்தேன். பச்சைமலை மேலுள்ள ஒரு சிற்றூரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளை எதைத் தட்டச்சு செய்வாளோ அதையே செய்தேன்: "கல்வி உதவித்தொகை திருச்சி". முதற்பக்கத்தில் விளம்பரங்கள் வந்தன. விண்ணப்பம் நிரப்பித் தருவதற்குக் கட்டணம் கேட்கும் இடைத்தரகர் தளங்கள் வந்தன. நம் அறக்கட்டளை மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அதுவும் நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய அறிவிப்பு. கடைசி நாள் என்றோ கடந்துவிட்டது. அப்பிள்ளை மூன்றாம் பக்கம் வரை வரமாட்டாள். வந்தாலும், முடிந்துபோன திட்டம் என்று எண்ணித் திரும்பிவிடுவாள். நிதி இருக்கிறது, கொடுக்கும் மனம் இருக்கிறது, பெறத் தகுதியுடையவளும் இருக்கிறாள். இடையில் ஒரு தேடல் பெட்டி நிற்கிறது.

செயற்குழு அன்பர் ஒருவர் தமக்கு வந்த கடிதம் ஒன்றை எனக்குக் காட்டினார். "90 நாட்களில் முதலிடம், உத்தரவாதம்" என்று அதில் எழுதியிருந்தது. தொகையும் குறிப்பிட்டிருந்தார்கள். அந்தத் தொகையில் இரண்டு பிள்ளைகளுக்கு ஓராண்டுக் கல்லூரிக் கட்டணம் கட்டிவிடலாம். இதை ஏற்கலாமா என்று அவர் கேட்டார். வேண்டா என்று சொன்னேன். அதற்கான காரணங்களைத்தான் இன்று விரிவாகச் சொல்ல விழைகிறேன்.

தேடுபொறி செய்யும் வேலை மூன்று. உலகத்திலுள்ள இணையப் பக்கங்களை ஓயாமல் சென்று படிப்பது முதல் வேலை. படித்தவற்றைச் சொல்லடைவாகக் குறித்து வைப்பது இரண்டாவது. பெரிய நூல்களின் இறுதியில் அகரவரிசையில் சொற்களும் பக்க எண்களும் இருக்குமல்லவா, அதுபோன்ற அடைவு அது. ஒருவர் கேட்கும்போது அந்த அடைவிலிருந்து எடுத்து, எது முன்னே எது பின்னே என்று வரிசைப்படுத்தித் தருவது மூன்றாவது வேலை. முதலிரண்டிலும் நம் பக்கம் தவறிவிட்டால் மூன்றாவதைப் பற்றிக் கவலைப்படுவதில் பொருளில்லை.

வரிசைப்படுத்தும் கலையில் பெரிய திருப்பம் 1998ஆம் ஆண்டு ஏற்பட்டது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாயிருந்த லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் இருவர் ஒரு முறையைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அவ்வாண்டே கூகுள் நிறுவனமும் தொடங்கப்பெற்றது. ஒரு பக்கம் தன்னைப் பற்றித் தானே என்ன சொல்லிக்கொள்கிறது என்பதோடு, மற்றப் பக்கங்கள் அதனை எத்தனை முறை சுட்டுகின்றன, சுட்டுவோர் எத்தகையோர் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கண்ட வழி. ஆய்வுக் கட்டுரைகளில் ஒருவரை மற்றவர் மேற்கோள் காட்டும் வழக்கத்திலிருந்தே இக்கருத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

தமிழ் படித்தோர்க்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதி முழு நூலாக நமக்குக் கிடைக்கவில்லை. எழுபதுக்குச் சற்று மேற்பட்ட பாடல்களே எஞ்சியுள்ளன. அவையும் புறத்திரட்டு என்னும் தொகைநூல் எடுத்துச் சேர்த்ததாலும், உரையாசிரியர்கள் தத்தம் உரைகளில் மேற்கோளாகக் காட்டியதாலும் பிழைத்தவை. சுவடி அழிந்தது; சுட்டியவர்களின் சொல் நின்றது. அடியார்க்குநல்லார் ஒரு நூலைச் சுட்டினால் அதற்குள்ள மதிப்பு வேறு, பெயரறியாத ஒருவர் சுட்டினால் உள்ள மதிப்பு வேறு. இணையத்தில் ஒரு பக்கம் மற்றொன்றுக்குக் கொடுக்கும் இணைப்பும் இவ்வாறே எடைபோடப்படுகிறது. இன்று கூகுள் பார்க்கும் குறிப்புகள் மிகப் பல. ஆயினும் அடிப்படை இன்னும் பழைய இடத்தில்தான் நிற்கிறது.

சுட்டுதலுக்கு மதிப்பு உண்டு என்றவுடன் சுட்டுதலை விலைக்கு விற்கும் கூட்டமும் தோன்றியது. இங்கே வணிகர்கள் மிகுதியாக இருக்கிறீர்கள். எடைக்கல்லைத் தேய்த்து விற்பவனைக் கண்டிருப்பீர்கள். சில நாள் அவனுக்கு ஆதாயம்தான். முத்திரை ஆய்வாளர் வரும்வரை. இணையத்திலும் அந்த ஆய்வாளர் வந்த கதைகள் உண்டு. 2006ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ. என்னும் புகழ்பெற்ற மோட்டார் நிறுவனத்தின் ஜெர்மனித் தளம் கூகுள் அடைவிலிருந்தே நீக்கப்பட்டது. தேடுபொறிக்கு ஒரு பக்கத்தையும் மக்களுக்கு வேறொரு பக்கத்தையும் காட்டினார்கள் என்பது குற்றம். தேடுபொறிக்குக் காட்டிய பக்கத்தில் "பழைய கார்" என்ற பொருள்தரும் சொல்லை மந்திரம்போல் திரும்பத் திரும்ப எழுதி நிரப்பியிருந்தார்கள். அப்பக்கங்களை அகற்றிய பிறகே தளம் மீண்டும் சேர்க்கப்பெற்றது.

2011 பிப்ரவரியில் நடந்தது இன்னும் பெரிது. அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்றொரு பழைமையான பல்பொருள் அங்காடி நிறுவனம் உண்டு. ஆடை, படுக்கை விரிப்பு, தரைக்கம்பளம், மரச்சாமான் என்று எதைத் தேடினாலும் பல மாதங்கள் அந்நிறுவனமே முதலில் வந்தது. பண்டிகைக் கால விற்பனையும் அதற்குள் அடங்கும். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதன் காரணத்தை ஆராய்ந்தது. ஆடைக்கும் மரச்சாமானுக்கும் தொடர்பே இல்லாத நூற்றுக்கணக்கான தளங்களில் பென்னிக்கு ஆயிரக்கணக்கான இணைப்புகள் பதிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. கூகுள் நடவடிக்கை எடுத்தது. ஒரு குறிப்பிட்ட பயணப்பெட்டியைத் தேடினால் முதலாவதாக வந்த பெயர், இரண்டே மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்குப் போயிற்று. தனக்குத் தெரியாமல் இது நடந்தது என்று நிறுவனம் கூறியது. அப்பணியைச் செய்துவந்த ஆலோசனை நிறுவனத்தை விலக்கியும் விட்டது. விலக்கி என்ன பயன்? இழந்த பெயர் ஆலோசகருடையதன்று. உத்தரவாதக் கடிதங்களைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்த 71 நினைவுக்கு வரும்.

அவ்வாண்டே "பாண்டா" என்ற பெயரில் ஒரு மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது. சரக்கில்லாத பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளுவது அதன் நோக்கம். விலைக்கு வாங்கிய இணைப்புகளை அடையாளம் காண 2012இல் "பெங்குவின்" வந்தது. 2024 மார்ச்சில் மேலும் சில விதிகள் வந்தன. கணினியைக் கொண்டோ கூலிக்கு எழுதுவோரைக் கொண்டோ, தரவரிசையை மட்டும் கருதி ஆயிரக்கணக்கில் பக்கங்களை உற்பத்தி செய்வது முறைகேடு என்று அவற்றில் வெளிப்படையாகச் சொன்னார்கள். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு ஒரே இரவில் ஐந்நூறு கட்டுரைகள் ஏற்றித் தருகிறோம் என்று உங்களிடம் யாரேனும் வந்தால், இவ்விதியை நினைவூட்டி அனுப்பிவையுங்கள். எந்தத் தளத்துக்கும் முதலிடத்தை யாராலும் உறுதி கூற இயலாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. நேர்மையான முயற்சியின் பயன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம் என்றும் 2017இல் அந்நிறுவனத்தார் விளக்கியிருக்கிறார்கள். தென்னங்கன்று வைத்தவர்களுக்கு ஓராண்டு என்பது நீண்ட காலமாகத் தோன்றாது.

இதுவரை சொன்னவை எம்மொழித் தளத்துக்கும் பொருந்தும். இனித் தமிழுக்கே உரிய இடர்ப்பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். என் கருத்தில் நம் அறக்கட்டளைக்கு இதுவே முதன்மையானது.

நம் தளத்தில் கடந்த பல ஆண்டுகளின் விழா மலர்கள் பிடிஎஃப் கோப்புகளாக இருக்கின்றன. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளைப் பற்றி, திருச்சி மலைக்கோட்டைக் குன்றிலுள்ள சமணர் படுக்கைகளைப் பற்றி, இவ்வட்டார வணிகக் குடும்பங்களின் பழங்கதைகளைப் பற்றியெல்லாம் பெரியவர்கள் அருமையாக எழுதியிருக்கிறார்கள். வேறெந்தத் தளத்திலும் கிடைக்காத செய்திகள் அவற்றில் உள்ளன. நீண்ட காலத்துக்கு நிற்கக்கூடிய செல்வம் என்று தேடுபொறி எதை மதிக்குமோ அது நம்மிடம் மலர் மலராகக் குவிந்து கிடக்கிறது. ஆனால் அது தேடுபொறியின் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? சில மலர்கள் ஒளிப்படமாக எடுத்துப் பதியப்பட்டவை. கணினிக்கு அவை எழுத்துகளாக எளிதில் புலப்படா. மற்றவை அச்சகத்தில் பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் "தமிழ்" என்று அழகாகத் தெரியும். உள்ளே கணினி சேமித்திருப்பது ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டிப் பாருங்கள், தெரியும். நாம் தமிழில் தேடுகிறோம்; தேடுபொறியோ அந்தப் பக்கத்தில் பொருளற்ற ஆங்கிலக் குவியலைக் கண்டு அகன்றுவிடுகிறது.

இந்தத் துன்பத்தைத் தமிழுலகம் முன்பே கடந்து வந்திருக்கிறது. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முன்முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கியது. பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, உலகிலுள்ளோர் அனைவரும் விலையின்றிப் படிக்க வெளியிட்டார்கள். நாலடியாரும் சீவக சிந்தாமணியும் அவ்வழியே இணையமேறின. அந்நாளில் ஆளுக்கொரு எழுத்துரு. ஒருவர் அனுப்பியதை மற்றவர் படிக்க அவருடைய எழுத்துருவைத் தேடியெடுத்து நிறுவ வேண்டும். மதுரைத் திட்டத்தின் நூல்களும் தொடக்கத்தில் அத்தகைய குறியேற்றங்களில்தாம் வெளிவந்தன. பின்னர் ஒருங்குறி வடிவத்துக்கு அவற்றை மாற்றினார்கள். அந்த உழைப்பின் பயனாக, இன்று நாலடியாரின் ஓர் அடியைத் தட்டச்சு செய்தால் நூல் உங்கள் முன் வந்து நிற்கிறது. எந்த விளம்பர நிறுவனமும் அதற்கு உதவவில்லை. மற்றவரிடம் இல்லாததை, எவரும் படிக்கக்கூடிய எழுத்தில், நிலையான முகவரியில் வைத்தார்கள். ஆய்வாளரும் ஆசிரியரும் தாமாகவே அதைச் சுட்டலானார்கள்.

ஒருங்குறியில் தமிழுக்கு 1991 முதலே இடமுண்டு. தமிழக அரசும் 2010இல் அதனை ஏற்று ஆணையிட்டது. அப்படியிருந்தும் நம் அச்சகங்கள் பல பழைய எழுத்துருக்களை இன்னும் விடவில்லை. அச்சகத்தாரைக் குறைகூற மாட்டேன். அவர்கள் தாளுக்காக வேலை செய்கிறார்கள், தாளில் எழுத்து அழகாகத்தான் விழுகிறது. தேடப்படும் எழுத்து வேண்டும் என்று கேட்க வேண்டியவர்கள் நாம். எழுத்துருவை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருவர் அமர்ந்து பிழை திருத்த வேண்டும். அந்தப் பிழைதிருத்தம்தான் உண்மையான செலவு. கல்லூரி மாணவர் இருவர் கோடை விடுமுறையில் செய்துவிடுவர். அவர்களுக்கு மதிப்பூதியம் கொடுங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் தனிப் பக்கம், கட்டுரையாசிரியர் பெயர், மலரின் ஆண்டு ஆகியவை இருக்கட்டும். நூற்றிருபது பக்க மலரை ஒரே கோப்பாகத் தூக்கிப் போடுவது, பொருளடக்கமில்லாத புத்தகத்தைக் கொடுப்பது போன்றது.

அடுத்து, ஊர்ப்பெயர். நம் ஊரை உப்பிலியபுரம் என்கிறோம். சிலர் உப்பிலியாபுரம் என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவே "ஒய்" சேர்ப்போரும் உண்டு, சேர்க்காதோரும் உண்டு. திருச்சிராப்பள்ளிக்கும் இந்தச் சிக்கல் உண்டு: திருச்சி, டிரிச்சி, வெள்ளையர் காலத்து டிரிச்சினாபோலி. ஸ்ரீரங்கமும் திருவரங்கமும் ஒன்றே என்பதைத் தேடுபொறி எளிதில் கற்றுக்கொள்கிறது. ஏனெனில் அவ்வூர்களைப் பற்றி எழுதுவோர் இலட்சக்கணக்கானவர்கள். உப்பிலியபுரத்தைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. ஆகவே இங்கே ஒவ்வொரு எழுத்து வேறுபாடும் நமக்கு இழப்பாகிறது. தளத்தில், கூகுள் வரைபடத்தில், இரசீதில், கடிதத் தலைப்பில் எல்லாவற்றிலும் அறக்கட்டளையின் பெயரையும் முகவரியையும் ஒரே வடிவில் எழுதுங்கள். வேறு வடிவங்களை "எங்களைப் பற்றி" என்ற பக்கத்தில் ஒருமுறை இயல்பாகக் குறிப்பிட்டால் போதும்.

சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், தமிழன்பர்கள் பொறுத்தருள்க. நம் தளத்தில் "உயர்கல்வி நிதி நல்கைத் திட்டம்" என்று எழுதியிருக்கிறோம். சொல் அழகானது. ஆனால் தேடுகிற பிள்ளை "ஸ்காலர்ஷிப்" என்று தேடுகிறாள், அல்லது "காலேஜ் பீஸ் உதவி" என்று கைபேசியிடம் வாயால் சொல்லித் தேடுகிறாள். தலைப்பு உங்கள் விருப்பப்படி இருக்கட்டும். அதன்கீழ் முதல் பத்தியிலேயே, யாருக்கு, எந்த ஊர்களுக்கு, எவ்வளவு, கடைசி நாள் என்ன, என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்பதை அவள் பேசும் சொற்களில் எழுதிவிடுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை என்பதையும் அங்கேயே எழுதுங்கள். இடைத்தரகருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் அந்த ஒரு வரி அவள் கண்ணில் பட வேண்டும்.

ஆண்டுதோறும் நம் தளத்தில் புதிய அறிவிப்புக்குப் புதிய பக்கம் திறக்கிறோம். பழையவை அப்படியே கிடக்கின்றன. நேற்று நான் கண்ட நான்காண்டுப் பழைய அறிவிப்பு அவ்வாறு வந்ததே. உதவித்தொகைக்கு ஒரே நிலையான முகவரி போதும். ஒவ்வோர் ஆண்டும் அதே பக்கத்தில் நாளையும் தொகையையும் மாற்றுங்கள். பள்ளிகளும் பழைய மாணவர்களும் அப்பக்கத்துக்குக் கொடுத்த இணைப்புகள் ஆண்டுக்காண்டு ஒரே இடத்தில் சேரும். தளத்தைப் புதுப்பிக்கும்போது முகவரி மாறியே ஆகவேண்டுமென்றால், பழைய முகவரிக்கு வருவோரைப் புதியதற்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டைச் செய்யச் சொல்லுங்கள். வீடு மாறினால் அஞ்சலகத்தில் எழுதிக் கொடுப்பதில்லையா? புதுத் தளம் கட்டித் தருவோர் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். பத்தாண்டுப் பெயர் ஒரு வாரத்தில் கரைந்துபோவதும் இதனால்தான்.

இணைப்புகள் யாரிடம் கேட்பது? உதவி பெற்ற பிள்ளைகள் படித்த பள்ளிகளிடம், கண் மருத்துவ முகாமில் நம்மோடு நின்ற மருத்துவமனையிடம், நம் மலரில் எழுதிய பேராசிரியர்களின் கல்லூரிகளிடம் கேளுங்கள். உண்மையில் உறவு இருப்பவர்களே சுட்டட்டும். பத்துப் போதும். கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு வருவோர் எத்தனையோ பேர். அவர்களையெல்லாம் நம் தளத்துக்கு இழுக்க அருவியைப் பற்றி எழுதலாமே என்று ஓர் இளைஞர் கேட்டார். வேண்டா. அவர்களுக்கு நம்மிடம் வேலையில்லை. கூட்டம் கூடியது என்ற எண்ணிக்கை நமக்குப் பயன்படாது.

எதை அளப்பது என்பதிலும் தெளிவு வேண்டும். கூகுள் "சர்ச் கன்சோல்" என்ற இலவச வசதியைத் தருகிறது. என்னென்ன சொற்களைத் தேடியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் அதைத் தொட்டு உள்ளே வந்தார்கள் என்று அதில் காணலாம். மாதம் ஒருமுறை அரைமணி நேரம் அதைப் பார்க்க ஒருவரை நியமியுங்கள். அதைவிட நான் மதிக்கும் அளவு வேறொன்று. விண்ணப்பப் படிவத்தில் "எங்களைப் பற்றி எவ்வாறு அறிந்தீர்கள்?" என்று ஒரு கேள்வியைச் சேருங்கள். உறவினர் சொன்னார் என்ற விடையே எல்லாப் படிவங்களிலும் இருந்தால், நம் நிதி நமக்குத் தெரிந்தவர்களின் வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது என்று பொருள். மலைமேலுள்ள சிற்றூரிலிருந்து, இங்கு யாரையும் அறியாத ஒரு பிள்ளை "கைபேசியில் தேடிக் கண்டேன்" என்று எழுதும் நாளில் நம் தளம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

தேடலுக்கு விடையைத் தேடுபொறியே செயற்கை நுண்ணறிவால் தொகுத்துச் சொல்லிவிடும் காலம் வந்துவிட்டதே, இனித் தளங்கள் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அந்த விடையும் எங்கோ யாரோ எழுதிய பக்கத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. உப்பிலியபுரத்து உதவித்தொகையைப் பற்றி நாம் தெளிவாக எழுதாவிட்டால், இடைத்தரகர் எழுதியதே அதற்கும் மூலமாகும்.

இறுதியாக, மிகச் சிறிய செய்தி ஒன்று. டொமைன் எனப்படும் இணையப் பெயரை நாம் விலைக்கு வாங்கவில்லை; ஆண்டுக் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். புதுப்பிக்கத் தவறினால் சில வார அவகாசத்துக்குப் பின் அது பொதுச் சந்தைக்குப் போகும். நற்பெயர் பெற்ற பழைய பெயர்களுக்காகவே காத்திருந்து வாங்கி, சூதாட்டத் தளம் நடத்துவோர் இருக்கிறார்கள். அத்தகைய செயலையும் 2024 மார்ச் விதிகள் முறைகேடு என்றே குறித்தன. ஆனால் பெயர் நம் கைக்குத் திரும்பி வராது. அறக்கட்டளையின் பெயரைத் தேடி வரும் பிள்ளை சூதாட்டப் பக்கத்தில் போய் நிற்பாள். நம் இணையப் பெயர் யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று இங்கு வந்ததும் கேட்டேன். தளத்தை முதன்முதலில் அமைத்துக் கொடுத்த இளைஞருடையது என்றார்கள். அவர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறாராம். செயலாளர் அவர்கள் இன்றே அவரைத் தொலைபேசியில் அழைத்து, பதிவை அறக்கட்டளையின் பெயருக்கு மாற்றி, ஐந்தாண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டணம் செலுத்திவிடும்படி வேண்டுகிறேன். மலர்களை ஒருங்குறிக்கு மாற்றும் பணியை வரும் கோடையில் தொடங்கலாம். முதலில் எடுக்க வேண்டியது எந்த ஆண்டு மலர் என்பதை மதிய உணவுக்குப் பின் கூடும் செயற்குழு முடிவு செய்யட்டும்.